ஆடிட் என்று சொல்லி ஏறிய மலை

மைசூர் விஜயநகரில் என் தம்பி மகள் வீட்டு பால்கனியில் போன வாரம் ஒரு ஜோடி ஷூ காய்ந்துகொண்டிருந்தது. இமாசலத்தில் ஏதோ ஒரு சிகரம் ஏறிவிட்டு வந்திருக்கிறாள். ஷூ என்றா சொன்னேன்? சின்னப் படகு. வழுக்காது, தண்ணீர் புகாது, கணுக்கால் பிசகாது என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. ஈரமும் மண்ணும் வியர்வையும் கலந்து வந்த அந்த வாசனை என்னைப் பிடித்து இழுத்துவிட்டது. அச்சு அசலாக என் பழைய கான்வாஸ் ஷூவின் வாசனை. காலில் வெள்ளை கான்வாஸ், அதற்கு மேல் நைலக்ஸ் சேலை, தோளில் குடை. நான் மலை ஏறிய கோலம் அதுதான். சிரிக்காதீர்கள்.

அப்போது மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பேர் வைத்துப் புதுசு. மைசூரில் ஒரு அரசாங்க ஆபீசில் நான் டைப்பிஸ்ட். லெட்டர்பேடில் அச்சாகியிருந்த பழைய பேரை அடித்துவிட்டுப் புதுப் பேரை மேலே தட்டுவதுதான் வேலைக்குச் சேர்ந்ததும் எனக்குக் கொடுத்த முதல் பொறுப்பு. எங்கள் சூப்பரின்டெண்ட் லீலாவதி மேடம். ஐம்பது வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர், குரல் மூன்று அறை தாண்டிக் கேட்கும். பெண்கள் இந்த நாட்டு மலைகளையெல்லாம் நடந்தே பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையை டைப்பிஸ்டுகளான எங்கள் நாலு பேரை வைத்து ஆரம்பிப்பது என்று முடிவு செய்தார். ஒரு பட்டியல் தயாரானது. முதலில் சாமுண்டி பெட்டா, அடுத்தது கோபாலசுவாமி பெட்டா, இப்படியே போய்க் கடைசியில் இமயமலை. எங்கள் ஊரில் மலைக்குப் பெட்டா என்றுதான் பேர், தமிழ் பேசினாலும் அப்படித்தான் வரும். அந்தப் பட்டியலை மூன்று பிரதி அடித்துக் கொடுத்தேன். இமயமலைக்குக் கார்பன் காப்பி எடுத்த ஒரே டைப்பிஸ்ட் நானாகத்தான் இருப்பேன்.

சாமுண்டியில் பாதி வழியில் இருக்கிற நந்தி சிலை வரை ஏறுவதற்குள் கொண்டுபோன புளியோதரை தீர்ந்துவிட்டது. சோறு இல்லாமல் மேலே போவது எங்கள் யாருக்கும் நியாயமாகப் படவில்லை. மேடம் மட்டும் உச்சிக்குப் போய்விட்டு வந்து பட்டியலில் 'முடிந்தது' என்று எழுதிக்கொண்டார்.

கோபாலசுவாமி பெட்டாவுக்குக் குறித்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குச் சிக்கல். அதற்கடுத்த ஞாயிறு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். அம்மா காலையும் மாலையும் என் முகத்தில் கடலைமாவு பூசிக்கொண்டிருந்தாள்.

"வெயில்ல தலைகாட்டாதே. மூஞ்சி கருத்துடும்" என்பது அந்த மாதத்து உத்தரவு.

மலை என்று வாயைத் திறக்க முடியுமா? சாம்ராஜ்நகர் ஆபீசில் ஆடிட் என்று சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமையுமா?" என்றாள் அம்மா.

ஈசிசேரிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "எனக்கும் அன்னிக்கு நஞ்சன்கூடு லைன் இன்ஸ்பெக்‌ஷன்."

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில்வே வேலைக்காக விழுப்புரத்திலிருந்து மைசூருக்கு வந்தவர். வீட்டுக்குள் நுழைந்ததும் அவருக்கு முட்டிவலி வந்துவிடும். நாலடி தள்ளி இருக்கிற பேப்பரைக்கூட யாராவது எடுத்துத் தர வேண்டும். ஆனால் மாதம் ஒரு ஞாயிறு லைன் இன்ஸ்பெக்‌ஷனுக்குத் தவறாமல் போவார். ஃபைல் பார்க்கிற கிளார்க் எதற்குத் தண்டவாளத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. அம்மா இரண்டு டப்பாக்களில் எலுமிச்சஞ்சாதம் கட்டினாள். அவர் விடியற்காலையே கிளம்பிவிட்டார். நான் அடுத்த பஸ்.

குண்டலுபேட்டையில் பஸ் மாறி, ஹங்களவில் இறங்கி நடந்தோம். அடிவாரம் வரை நல்ல வெயில். மேடம் முன்னால் "நடீரி, நடீரி!" என்று விரட்டிக்கொண்டே போனார். ஏற ஏறக் காற்று வலுத்தது. என் சேலைத் தலைப்பு பறந்து பின்னால் வந்தவள் முகத்தை மூடியது. உச்சிக்குப் போனபோது மேகம் இறங்கி, கோயில் கோபுரமே தெரியவில்லை. நாங்கள் கைகோத்துக்கொண்டு நின்றோம்.

அப்போது மேகத்துக்குள்ளிருந்து தமிழில் ஒரு குரல் வந்தது. "வீட்டுல முட்டிவலின்னு சொல்லி வெச்சிருக்கேன். இல்லேன்னா தண்ணிக்குடம் தூக்கச் சொல்வா."

இரண்டு பேர் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். காற்று ஒரு சுற்றுச் சுற்றி மேகத்தை விலக்கியது. பாறை மேல் காக்கி அரைக்கால் சட்டையில், அம்மா பின்னிக் கொடுத்த கம்பளி சாக்ஸோடு, எலுமிச்சஞ்சாதம் சாப்பிட்டபடி அப்பா. அவருக்கு முழங்கால் என்று ஒன்று இருப்பதையே நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் கை வாய்க்குப் போகும் வழியில் அப்படியே நின்றுவிட்டது.

தமிழ்க் குரல் கேட்டதும் மேடத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. கன்னடம் கலந்த தன் தமிழை எடுத்துவிட்டார். "நீங்க தமிழா? நம்ம பொண்ணும் தமிழ்தான். இவ அப்பா ரொம்ப நல்லவரு கண்ரீ! பொண்ணை பெட்டாக்கு அனுப்பிருக்காரு, நோடி!"

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியா? யாரும்மா உங்கப்பா? பெரிய மனசுக்காரரா இருப்பார்போல இருக்கே."

"ஆமா சார். ஆனா பாவம், அவருக்கு முட்டிவலி" என்றேன்.

அவருடைய நண்பர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்கள் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது ஒரே பஸ். அவர் முன்னால், நான் பின்னால். எங்கள் தெரு முனையில் அப்பா நின்று, "நீ முதல்ல போ. நான் அரைமணி கழிச்சு வரேன்" என்றார். இன்ஸ்பெக்‌ஷனில் நல்ல அனுபவம் தெரிந்தது.

மறுநாள் காலை அம்மா எங்கள் இருவரையும் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கூப்பிட்டாள். ஒரு பேப்பரில் சின்னச் சின்னப் புல்முட்கள் இரண்டு குவியலாக இருந்தன.

"இது இவ சேலைல ஒட்டினது. இது உங்க சாக்ஸ்ல. ரெண்டும் ஒண்ணா இருக்கே?"

"நஞ்சன்கூடு ஸ்டேஷன்ல புல்லு ஜாஸ்தி" என்றார் அப்பா.

"ஆறு வருஷமா பொறுக்கறேன். சட்டைப் பையில துளசி வேற வெச்சுட்டு வர்றீங்க. எந்தத் தண்டவாளத்துல துளசி குடுக்கறாங்க?"

அப்பா சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "தெரிஞ்சும் ஏன் கேக்கலை?" என்றார்.

"கேட்டா போறதை விட்டுடுவீங்க. மாசத்துல ஒரு நாளாவது வீடு நிம்மதியா இருந்தது."

அதற்குள் வெயில் பட்ட என் மூக்கு தோல் உரிய ஆரம்பித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தபோது வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. பிள்ளையின் அம்மா உற்றுப் பார்த்து, "மூக்குல என்ன?" என்று கேட்டார். அடுப்பு அனல் என்று சொல்ல அப்பா தொண்டையைக் கனைத்தார். கேசரித் தட்டோடு வந்த அம்மா முந்திக்கொண்டாள்.

"மலை ஏறினா. இவங்க அப்பாவும் ஏறுவார். எங்க வீட்டுல அது பழக்கம்."

மொட்டைமாடியைத் தாண்டி எதுவும் ஏறாதவள் சொன்னாள் இதை.

பெண்ணுக்கு ஊர் சுற்றும் சுபாவம் என்று தோன்றுகிறது, க்ஷமிக்கவும் என்று கடிதம் வந்தது. நான் ஒரு மணி நேரம் அழுதேன். பிள்ளை பார்க்க நன்றாகத்தான் இருந்தான், அதை ஏன் மறைப்பது? அப்பா கதவருகில் வந்து நின்றார். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரியாது. தொண்டையைச் செருமிவிட்டு, "அடுத்த மாசம் பிளிகிரிரங்கன் பெட்டா போறோம். வர்றியா?" என்றார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினேன். துடைத்த துண்டோடு கொஞ்சம் தோலும் வந்தது.

அதற்குப் பிறகு எத்தனை மலைகள்! குடகில் நாலு, சிக்கமகளூர்ப் பக்கம் மூன்று. மேடத்தின் படையும் அப்பாவின் படையும் ஒன்றாகிவிட்டது. அம்மா ஒரே பெரிய டப்பாவில் சாதம் கட்டினாள். ஆனால் ஒரு தடவை ஏறும்போது அப்பா என் காதருகே வந்து, "சொல்லிட்டு வர்றதுல முன்னே மாதிரி ருசி இல்லடி" என்றார். பின்னால் எனக்குக் கல்யாணமும் ஆயிற்று. மாடிப்படிக்கே மூச்சு வாங்குகிற மனிதர், ஆனால் ஒரு நாளும் என்னைத் தடுத்ததில்லை. இமயமலை பட்டியலிலேயே நின்றுவிட்டது. மேடமும் இல்லை, அப்பாவும் இல்லை.

இரண்டு வருடம் முன்னால் தம்பி குடும்பத்தோடு மறுபடி கோபாலசுவாமி பெட்டாவுக்குப் போனேன். இப்போது அங்கே நடந்து ஏறக் கூடாது. அடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டு அரசாங்க பஸ்ஸில்தான் போக வேண்டும். யானைகளுக்கு அதுதான் நல்லது, எனக்கு அதில் வருத்தமில்லை. கால்மணி நேரத்தில் உச்சி வந்துவிட்டது. ஒற்றையடிப் பாதை இருந்த இடமெல்லாம் உண்ணிச்செடி ஆள் உயரம் வளர்ந்திருந்தது.

அந்தப் பாதையில் மூச்சு முட்ட ஏறும்போது எதிரே இறங்கி வருகிறவர்களிடம், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்போம். முன்பின் தெரியாத எவரானாலும், பாதி வழி மிச்சமிருந்தாலும், ஒரே பதில்தான். "இன்னு ஸ்வல்ப, அஷ்டே." இன்னும் கொஞ்சம்தான். சுத்தப் பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் எல்லோரும் ஏறினோம், இறங்கும்போது நாங்களும் அதையே சொன்னோம். அன்று எங்கள் பஸ் மேலே போகும்போது இன்னொரு பஸ் கீழே இறங்கியது. இரண்டிலும் ஜன்னல் மூடியிருந்தது. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.