தாலி கட்டும் இடத்தில் நின்றுபோன லெப்டொப்

உன்னிச்சை என்ற ஊரில் நடந்த ஒரு கலியாணத்தைப் போன புதன்கிழமை காத்தான்குடியில் பார்த்தேன். அதுவும் ஒரு கொம்பியூட்டர் கடையில்... முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து.

விஷயம் இதுதான். என் மகள் சுகந்தி, மட்டக்களப்பு நகரத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கலியாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறாள். அந்த உன்னிச்சைக் கலியாணம்தான் அவளுடைய முதல் வீடியோ. மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை கத்தாருக்குப் போகிறார். அதற்குள் கொடுத்தால்தான் அவளுக்கு அடுத்த வேலை. ஆனால் தாலி கட்டும் இடத்தில் மூன்று கமெராக் காட்சிகள் ஒன்றாக வருகின்றனவாம். அங்கே வந்ததும் லெப்டொப் அப்படியே நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறையும்!

“மெமரி காணாதப்பா. இன்னும் எட்டு ஜிபி போட்டாச் சரி” என்றாள்.

போடலாம். எங்கே? லெப்டொப் கொம்பனியின் மெமரி என்றால் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அவர்களே பூட்டி, அதற்கும் வொரன்டி தருவார்கள். வெளிக்கடை என்றால் அரை மணி நேர வேலை, விலையும் குறைவு. ஆனால் பிறகு ஏதும் பிழைத்தால்?

எனக்குக் கொம்பனிதான் சரியென்று பட்டது. தரத்தை யோசித்து அல்ல — கடையில் போய் நாலு கேள்வி கேட்க வேண்டாமே! என்னைப் போலக் கூச்சப்படுகிறவர்கள் கொம்பனிக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் பாதி, பேசாமல் இருப்பதற்கான கட்டணம்.

கொழும்புக்குப் போன் எடுத்தேன். தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். பாட்டு ஓடியது. ஒரு பெண் “வணக்கம்” என்றதும்... வைத்துவிட்டேன்.

“வணக்கத்துக்கே இந்தப் பயமெண்டா, என்னைப் பொண்ணு பார்க்க வந்த அண்டைக்கு எப்பிடி வாய் திறந்தீங்க?” என்று மனைவி போனைப் பறித்தாள்.

அன்றும் பேசியது என் மாமாதான்.

அவள் பேசி விபரம் அறிந்தாள். வெளி மெமரி போட்டாலும் லெப்டொப்பின் வொரன்டி போகாதாம். அந்த மெமரியால் பழுது வந்தால் மட்டும் அவர்கள் பொறுப்பில்லை. கொழும்புக்கு அனுப்பினால் திரும்பி வர இரண்டு கிழமை.

பதினாலு நாளா? மாப்பிள்ளை கத்தாரில் வேலையே தொடங்கியிருப்பார்!

எனவே காத்தான்குடி. கடைக்காரக் காக்கா — அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள் — லெப்டொப்பின் அடிமூடியைக் கழற்றி, புது மெமரியை அழுத்திப் பூட்டினார்.

“காக்கா, இது சரிவராட்டி?” என்று சுகந்தி கேட்டாள்.

“கழட்டிப்போட்டுக் காசத் தாறன் தங்கச்சி. ஆனா இஞ்சயே இருந்து உங்கட வேலையச் செய்து பாருங்க. வீட்ட போய் நிண்டுட்டுதெண்டு சொன்னா எனக்கு எப்பிடித் தெரியும்?”

அவள் வீடியோவைத் திறந்தாள். மேளச்சத்தம் கேட்டதும் சார்ஜர் வாங்க வந்தவர் எட்டிப் பார்த்தார். போன் திருத்த வந்த ஒரு அம்மாவும் அவருடைய இரண்டு மகள்மாரும் கிட்ட வந்தார்கள். நான் மெல்லக் கடையின் பின்பக்கம் நகர்ந்தேன்.

“மாப்பிள்ள ஏன் சிரிக்கிறாரில்ல?” என்றார் அந்த அம்மா.

“வெள்ளிக்கிழமை கத்தாருக்குப் போறார்” என்றாள் சுகந்தி.

“அப்ப எப்பிடிச் சிரிக்கிற? நான் போகக்குள்ள சாப்பிடவே இல்ல” என்றார் சார்ஜர்காரர்.

“இனித்தான் நிக்கிற இடம்” என்றாள் சுகந்தி.

காக்கா கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். நானும் என்னை மறந்து முன்னால் வந்துவிட்டேன். மேளம் ஏறியது. மாப்பிள்ளையின் கை உயர்ந்தது...

கட்டிவிட்டார்!

கை தட்டினார்கள். “முடிஞ்சு! இனித் தப்பேலாது” என்றார் சார்ஜர்காரர். மாப்பிள்ளையைவிடக் காக்காவுக்குத்தான் சந்தோசம்.

வியாழக்கிழமை வீடியோ ஸ்டூடியோவுக்குப் போனது. அடுத்த நாள் அது மாப்பிள்ளையோடு கத்தாருக்குப் பறந்தது. சுகந்திக்கு இன்னொரு கலியாணம் கிடைத்திருக்கிறது.

கொம்பனி மெமரியா, வெளி மெமரியா என்று கேட்கிறவர்களுக்கு: அவசரம் இல்லையென்றால் கொம்பனி. அவசரமென்றால், பூட்டிய இடத்திலேயே உங்கள் வேலையைச் செய்து பார்க்க விடுகிற கடை.

கூட்டம் கூடினால் மட்டும் நான் பொறுப்பில்லை.