ராஜி மெமோ

வக்காலத்தில் கையெழுத்துப் போட்டபோது நான் அதை ஒரு வரிகூடப் படிக்கவில்லை. மந்தைவெளியில் நானும் அம்மாவும் பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கும் வீட்டை இடித்து ஃபிளாட் கட்ட வேண்டும், காலி செய் என்று வீட்டுக்காரர் வழக்குப் போட்டிருந்தார். வக்கீலின் குமாஸ்தா விரல் வைத்த இடத்தில் எல்லாம் போட்டுக் கொடுத்தேன். புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்தால்கூட நாலு கேள்வி கேட்கிறவள் நான்.

"வாய்தாதான் கீது. நீ இன்னாத்துக்கும்மா அலையற? சார் பாத்துப்பாரு" என்றார் குமாஸ்தா.

நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டேன். வக்கீலும் போகவில்லை என்பது, கோர்ட்டிலிருந்து அமீனா வந்து கதவைத் தட்டியபோதுதான் தெரிந்தது.

"எக்ஸ்பார்ட்டி ஆயிடுச்சும்மா. உங்க பக்கம் யாரும் வரல. அவங்க சொன்னத மட்டும் கேட்டுத் தீர்ப்பு குடுத்துட்டாங்க. சீக்கிரம் மனு போடு, நாள் கம்மியாத்தான் கீது" என்றார் அவர்.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதில் பாதி என் மேலேயே.

அன்றே ஒரு நோட்டு வாங்கினேன். வழக்குக் கட்டில் புரியாத ஒவ்வொரு சொல்லையும் செல்போனில் தேடி எழுதினேன். பாதிக்கு மேல் அரபியில் பிறந்து உருது வழியாக வந்தவை. வக்காலத்து என்றால் நம் காரியத்தை இன்னொருவரிடம் ஒப்படைப்பது. வாய்தாவின் மூலச்சொல்லுக்கு வாக்குறுதி என்று அர்த்தமாம். அமீனா என்றால் நம்பிக்கைக்குரியவர்! வீட்டைக் காலி செய்ய வருகிறவருக்கு வைத்த பெயரைப் பாருங்கள். ஆனால் உள்ளதை உள்ளபடி என்னிடம் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அதே வக்கீல் மூலமாகவே தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்டோம். விசாரணை அன்று கோர்ட் வராந்தாவில் அதே குமாஸ்தா ஒரு தாளை நீட்டினார்.

"சார் வேற கோர்ட்ல கீறாரு. இது சும்மா ராஜி மெமோ. கையெழுத்து போடும்மா, கூப்புடப் போறாங்க."

ராஜி என் நோட்டில் இருந்தது. மனம் ஒப்புவது. நின்றபடியே கடைசி வரி வரை படித்தேன். மூன்று மாதத்தில் முழுச் சம்மதத்துடன் காலி செய்கிறேன் என்று நான் சொல்வதாக எழுதியிருந்தது.

"எனக்குச் சம்மதம் இல்லண்ணா."

"சார் கோச்சுப்பாரும்மா!"

"கோச்சுக்கட்டும்."

உள்ளே டவாலி என் பெயரைக் கூப்பிட்டார். போய் நின்றேன்.

"வக்கீல் எங்கம்மா?" என்றார் நீதிபதி.

"வரலைங்கய்யா. அந்த வீட்டுல குடியிருக்கறது நான். நான் வந்திருக்கேன்."

என் பக்கத்தையும் கேட்க வேண்டும் என்று சொல்லி அந்தத் தீர்ப்பை அவர் ரத்து செய்தார். வழக்கு இன்னும் நடக்கிறது. நாங்கள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறோம்.