பாப்பாவின் ஷூக்களுக்கு நடுவே ஒரு போல்ட்

எங்கள் பாப்பா பிறந்தபோது அவளுடைய இரண்டு பாதங்களும் உள்பக்கமாகத் திரும்பியிருந்தன. வாராவாரம் மாவுக்கட்டு போட்டு, பிரித்து, மறுபடி போட்டு டாக்டர்கள் அவற்றை நேராக்கினார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் வேலை தொடங்கியது. நேரான பாதம் பழையபடி திரும்பாமலிருக்க, தூங்கும் நேரமெல்லாம் அவளுக்கு ஒரு ஜோடி ஷூ போட வேண்டும். இரண்டு ஷூக்களையும் ஓர் இரும்புப் பட்டை இணைத்துப் பிடித்திருக்கும். நாலைந்து வயது வரை அப்படித்தான்.

"ஒரு ராத்திரிகூட விடாதீங்கம்மா" என்று டாக்டர் சொன்னார். நான் விட்டதில்லை. அவள் காய்ச்சலில் அனத்திய நாளில்கூட மாட்டிவிட்டேன். மாட்டியது சரியா என்று என்னையே கேட்டுக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பட்டை இரண்டு துண்டுகளால் ஆனது. ஒன்றின்மேல் ஒன்று படிந்து, நடுவில் ஒரு போல்ட்டும் நட்டும் போட்டு முடுக்கியிருக்கும். பட்டையின் அகலம் குழந்தையின் தோள் அகலத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். குழந்தை வளர வளர, போல்ட்டைத் தளர்த்தி, துண்டுகளை இழுத்து, அடுத்த துளையில் வைத்து முடுக்க வேண்டும். மருத்துவமனையில் செய்து காட்டியபோது அது தண்ணீர்ப் பாட்டில் மூடியைத் திறப்பதுபோல் இருந்தது.

பாப்பாவுக்கு ஒன்றரை வயது ஆனபோது ஷூவைப் பார்த்தாலே அழ ஆரம்பித்தாள். மாட்டியபின் காலை உதறி உதறிக் குதிகாலை வெளியே இழுத்துக்கொண்டாள். இஞ்ச் டேப்பை எடுத்து அவள் தோளை அளந்தேன். பட்டையைவிடத் தோள் அகலமாகியிருந்தது. கணவரின் பைக்கில் இருந்த பத்தாம் நம்பர் ஸ்பேனரை நட்டில் மாட்டித் திருப்பினேன். அசையவில்லை. ஒவ்வோர் இரவும் குழந்தை நனைத்த ஈரம் உள்ளே இறங்கி, போல்ட்டும் நட்டும் துருவேறி ஒன்றாகிப் போயிருந்தன.

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். "தளர்த்திப் பாருங்கம்மா. முடியலன்னா உங்க தேதியன்னிக்கு எடுத்துகினு வாங்க, வேற பட்டை வரவழைச்சுத் தரோம்" என்றார் நர்ஸ். தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. அதுவரை குறுகலான பட்டையையே மாட்டினால் குதிகால் வெளியே வந்துவிடும். அது மாட்டாததற்குச் சமம். பலமாகத் திருப்பி போல்ட் முறிந்துவிட்டாலோ, மாட்ட எதுவுமே இருக்காது. இரண்டில் எது சின்னத் தவறு என்று யோசித்தபடி தோசையைக் கருகவிட்டேன்.

முதலில் தேங்காய் எண்ணெய் விட்டேன். எங்கள் வீட்டில் தலைமுடிச் சிக்கிலிருந்து கதவுக் கீல் வரைக்கும் அதுதான். காலையில் பார்த்தபோது போல்ட்டைச் சுற்றி எறும்பு மொய்த்திருந்தது.

என் கணவர் களம்பூரில் ஓர் அரிசி ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறார். அறுவடை முடிந்து நெல் வந்து குவிகிற நேரம் அது. அவர் வீடு திரும்பும்போது பாப்பா தூங்கிப் போயிருப்பாள். எறும்புக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அன்று ஆலையிலிருந்து கொஞ்சம் எண்ணெய் கொண்டுவந்தார். டீசலில் மெல்லிய மெஷின் ஆயிலைக் கலந்தது. துருவின் இடுக்குக்குள் அது தானாக இறங்கும் என்றார். ஆனால் அவர் அதைக் கொண்டுவந்த பாட்டிலைக் கையில் வாங்கி லேபிளைப் படித்தேன்.

"இது இருமல் மருந்து பாட்டில்ங்க."

"காலியா இருந்துச்சு, ஊத்திகினு வந்தேன்."

"யாராவது எடுத்து பாப்பாவுக்குக் குடுத்துட்டா?"

"யாரு குடுப்பாங்க? இப்போதிக்கு இருமல் போல்ட்டுக்குத்தான்."

அந்த நிமிடமே அதை ஒரு பழைய ஊறுகாய் டப்பாவில் மாற்றி, டப்பாவில் சிவப்புத் துணியைக் கட்டி, அலமாரியின் உச்சியில் வைத்தேன். பிறகு ஊறுகாய் என்று யாராவது எடுத்துவிடுவார்களோ என்று அதற்கும் ஒரு பயம் வந்தது.

மறுநாள் காலை அவர் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனது இதுதான்: எண்ணெய் விட்டு ஊறவிடு, லேசாகத் தட்டு, துடைத்துவிட்டுச் சூடாக்கு, திருப்பும்போது முதலில் முடுக்கும் பக்கமாகக் கொஞ்சம் தள்ளு. "அடுப்புல வெக்காத. எண்ணெ பட்ட இரும்பு, குப்புனு புடிச்சுக்கும்" என்றார். எங்கள் சமையலறைக்கும் என் மாமியாரின் தறிக்கும் நடுவே ஒரு திரைதான் இருக்கிறது. தறியில் கல்யாணப் பட்டு ஒன்று பாதி நெய்தபடி இருந்தது.

நான் அத்தை என்று கூப்பிடும் என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றுவார், கதை சொல்வார், சோறு ஊட்டுவார். ஷூ மாட்டும் நேரம் வந்தால் மட்டும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். "பச்சப்புள்ள காலுக்கு வெலங்கு" என்று ஒரு முறை சொன்னார். பாப்பா வயிற்றில் இருந்தபோது கிரகணத்தன்று நான் வெளியே போனதைப் பற்றி யாரிடமோ அவர் பேசியதும் என் காதில் விழுந்திருந்தது. அவரிடம் உதவி கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஷூக்களைப் பட்டையிலிருந்து கழற்றி வைத்துவிட்டு, பாப்பாவுக்கு மருந்து கொடுக்கும் சொட்டுக் குழலால் போல்ட்டின் இரண்டு பக்கமும் எண்ணெய் விட்டேன். அந்தக் குழலை உடனே குப்பையில் போட்டேன். தறிக்கு வைத்திருந்த சின்னச் சுத்தியலால் தட்டினேன். பாப்பாவைக் குளிக்க வைத்தபின் சாம்பிராணி காட்டுவதற்கென்று கரி வைத்திருப்போம். அந்தக் கரியைத் தூபக்காலில் கனலவைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

வாசலில் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நெடுக்கு நூல்களை, நீட்டிக் கட்டியிருந்தார்கள். எதிர்வீட்டு அக்காவின் பட்டுப் பாவு, தெருவின் அந்த முனையிலிருந்து எங்கள் படிவரைக்கும் நீண்டு, தடவிய கஞ்சி காய்ந்துகொண்டிருந்தது.

"இன்னாம்மா, நெருப்ப எடுத்துகினு எங்க வர்ற?"

"ஒரு போல்ட்ட சூடு பண்ணணும்க்கா."

"பட்டு மேல ஒரு பொறி பறந்துச்சுனா, மூட்ட முடிச்சோட உங்க வீட்டுலதான் வந்து ஒக்காந்துக்குவேன்."

"எப்பக்கா எடுப்பீங்க?"

"என்ன கேட்டா? வெயில கேளு."

உள்ளே வந்தேன். கனலை அணைத்தேன். மனசுக்குள் அந்தப் பாவை எவ்வளவு திட்டினேன் என்பதை எழுதக் கூடாது. செய்ய ஒன்றுமில்லாததால், போகும்போதும் வரும்போதும் ஒரு குச்சியில் தொட்டு, போல்ட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அவசரப்பட்டிருந்தால் அந்த எண்ணெய் ஊறியிருக்காது என்று இப்போது நினைக்கிறேன். அந்த அக்காவுக்கும் வெயிலுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

பாவைச் சுருட்டி எடுத்தபின் மறுபடி கரியைக் கனலவைத்து வாசலில் உட்கார்ந்தேன். எண்ணெயைத் துணியால் துடைத்துவிட்டு, குறடால் பட்டையைப் பிடித்து நட்டைக் கனலுக்கு நேராகக் காட்டி விசிறினேன். டீசல் நெடி வந்தது. பட்டையின் பெயிண்ட் கொப்பளித்தது. இரும்பே கெட்டுவிட்டதோ என்று பயந்து வெளியே எடுத்தேன். போதாது என்று தோன்றி மறுபடி காட்டினேன்.

பிறகு ஸ்பேனரை நட்டில் மாட்டினேன், போல்ட்டின் தலையைக் குறடால் பிடித்தேன். பட்டையைப் பிடிக்கக் கை இல்லை. காலால் மிதித்துக்கொண்டு திருப்பினேன். மொத்தமும் சுழன்று, ஸ்பேனர் நழுவி, என் விரல் முட்டிகள் தரையில் உரசித் தோல் போயிற்று. நட்டின் ஒரு மூலை மழுங்கியிருந்தது. இன்னொரு முறை நழுவினால் பிடிப்பே கிடைக்காது. கணவருக்குப் போன் செய்தேன். ஆலைச் சத்தத்துக்கு நடுவே, "விட்டுடு, நான் வந்து பாக்கறேன்" என்றது மட்டும் கேட்டது. உள்ளே பாப்பா கண்ணைக் கசக்க ஆரம்பித்திருந்தாள். தூக்கத்துக்கு நேரமாகிவிட்டது.

தறிச் சத்தம் நின்றதை நான் கவனிக்கவில்லை. அத்தை ஈரச் சாக்குத் துண்டு ஒன்றோடு வந்து எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். சாக்கைப் பட்டையில் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"திருப்பு."

"சூடு அத்தை. கையெல்லாம் எண்ணெயாகிடும், அப்புறம் தறி..."

"சோப்பு போட்டாப் போவுது. நீ போல்ட்ட பாரு."

"ஒடஞ்சிடுச்சுனா?"

"இதோட பெரிய பேஜாரா இருக்குது. பாத்துகினே இருந்தா அதுவா கழண்டுக்குமா?"

முதலில் முடுக்கும் பக்கமாகத் தள்ளினேன். டக் என்று ஒரு சத்தம். இருவரும் அசையாமல் போல்ட்டையே பார்த்தோம்.

"ஒடஞ்சுதா?" என்றார் அத்தை, சின்னக் குரலில்.

"தெரியல."

"தெரியலனா திரும்பத் திருப்பு."

தளர்த்தும் பக்கமாகத் திருப்பினேன். ஸ்பேனரோடு நட்டும் நகர்ந்தது. முறியவில்லை. போல்ட்டின் திருகு மரையிலிருந்து மிளகாய்த்தூள் நிறத்தில் துரு உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் எண்ணெய், இன்னும் ஒரு சுற்று, பிறகு அது என் கையில் வந்துவிட்டது. நான் அழுதேனா என்று கணவர் அன்று ராத்திரி கேட்டபோது, புகை என்று சொன்னேன்.

துண்டுகளைப் பிரித்துத் துருவைச் சுரண்டியபோது, "எதுக்கு இத்தினி அகலம்?" என்று அத்தை கேட்டார். அந்தப் பட்டையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். தோள் கணக்கைச் சொன்னேன். அவர் உள்ளே போய்க் கை கழுவி, ஓர் அறுந்த பட்டு நூலை எடுத்து, பாப்பாவின் தோளில் வைத்து அளந்து, நூலைக் கொண்டுவந்து பட்டைமேல் நீட்டினார். நான் இஞ்ச் டேப்பில் அளந்ததும் அதுவும் ஒன்றாகவே இருந்தன. ஆனாலும் இருவரும் இன்னொரு முறை அளந்தோம்.

பட்டையைச் சோப்பு போட்டுத் தேய்த்தேன். டீசல் வாடை போயிற்றா என்று இரண்டு பேரும் மாறி மாறி முகர்ந்தோம். நன்றாகத் துடைத்து, ஷூக்களைப் பொருத்தி, பாப்பாவுக்கு மாட்டினேன். அத்தை எழுந்து போகவில்லை. "அந்தக் கால நான் புடிச்சிக்கறேன்" என்றார். பாப்பா சிணுங்கி, இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கித் தொப்பென்று போட்டாள். அந்தச் சத்தம் பிடித்துப்போய் மறுபடி செய்தாள். செய்தபடியே தூங்கிப்போனாள். குதிகால் உள்ளேயே இருந்தது.

கணவர் வந்து, "நல்லா முடுக்கினியா? நான் ஒரு தரம் பாக்கறேன்" என்று ஸ்பேனரை எடுத்தார்.

"அதுல கை வெச்ச, நடக்கறதே வேற" என்றார் அத்தை தறியிலிருந்து.

அடுத்த தேதியில் டாக்டர் பட்டையைப் பார்த்து, கொப்பளித்த பெயிண்டைத் தடவி, என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டுப் பாதங்களை அசைத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா என்று இன்னொரு முறை கேட்டேன். ஆமாம் என்றார்.

இப்போது நான் வாரம் ஒரு முறை மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுகிறேன். போன மாதம் பட்டையை மறுபடி அகலப்படுத்த வேண்டியிருந்தது. அத்தை தானாக வந்து எதிரே உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நட்டு விரலாலேயே சுழன்று வந்துவிட்டது. எனக்கு நம்பிக்கை வராமல், மறுபடி முடுக்கி, மறுபடி தளர்த்திப் பார்த்தேன். அத்தை, நான் முடிக்கும்வரை பட்டையைப் பிடித்தபடியே இருந்தார்.