தம்பியின் கண்ணில் தெரிந்த செம்பு

என் தம்பி குடிக்கிறான் என்று எங்கள் டவுன்ஷிப் பிளாக்கில் முதலில் சொன்னது யாரென்று எனக்குத் தெரியாது. எங்கள் காதுக்கு வந்து சேர்ந்தபோது அது தெரு முழுக்கத் தெரிந்த சேதியாகிவிட்டிருந்தது.

அவன் டிப்ளமோ முடித்துவிட்டு நிலக்கரி மைன்ஸில் ஒரு கான்ட்ராக்டரிடம் கன்வேயர் பெல்ட் பராமரிப்பு வேலை பார்த்துவந்தான். முதலில் கைதான் ஆடத் தொடங்கியது. டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சட்டையில் கொட்டும். பிறகு பேச்சு குழறியது. சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வந்தது. அப்பா மைன்ஸில் பெர்மனெண்ட். வாழ்நாளில் மதுவைத் தொடாதவர். மாதா கோவிலில் குடிக்கெதிராகப் பேசுகிற குழுவில் இருந்தார். தம்பி ஷிஃப்ட் முடிந்து வரும்போதெல்லாம் வாசலிலேயே நிறுத்தி ஊதச் சொல்வார். அவனும் ஊதுவான். வாடை இருக்காது. வாடை இல்லாதது அப்பாவின் சந்தேகத்தை அதிகமாக்கத்தான் செய்தது. சாராயம் இல்லையென்றால் வேறு ஏதோ மாத்திரை என்று முடிவுகட்டினார்.

ஒரு நாள் சூப்பர்வைசர் அவனை மைன்ஸ் கேட்டிலேயே நிறுத்தி பாஸை வாங்கிக்கொண்டார். இந்தக் கையோடு பெல்ட் பக்கம் வராதே என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவன் வீட்டுக்கு வந்தபோது சேதி அவனுக்கு முன்னாலேயே வந்திருந்தது. எதிர் குவார்ட்டர்ஸ்காரர்கள் பார்க்க, அப்பா அவனை அறைந்தார். அவன் தடுக்கவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், நாக்கு புரளவில்லை. அப்பா மறுபடியும் கையை ஓங்கியதும் நான் நடுவில் போய் நின்றேன்.

உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தேன். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக இழுத்துச் சொன்னான்.

“அக்கா, நான் குடிக்கல. கை என் பேச்ச கேக்க மாட்டேங்குது.”

நான் டவுன்ஷிப்பில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. மறுநாள் லீவு போட்டுவிட்டு அம்மாவையும் அவனையும் அழைத்துக்கொண்டு புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். நரம்பு மருத்துவர் ஓர் அம்மையார். அவனை நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார். பிறகு, சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்ததா என்று அம்மாவிடம் கேட்டார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வந்தது, கீழாநெல்லி கொடுத்தோம், சரியாகிவிட்டது என்றார் அம்மா. டாக்டர் எங்களைக் கண் பிரிவுக்கு அனுப்பினார்.

அங்கே ஒரு கருவிக்கு முன்னால் அவன் தாடையை வைக்கச் சொன்னார்கள். என்னையும் பார்க்கச் சொன்னார் அந்தக் கண் டாக்டர். கருவிழியின் ஓரத்தைச் சுற்றி, பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்தில் ஒரு வளையம். இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட முகத்தில் அதை நான் பார்த்ததே இல்லை.

அது செம்பு என்றார்கள். எல்லா உடம்புக்கும் கொஞ்சம் செம்பு வேண்டும். ரத்தத்துக்கு வேண்டும், நரம்புக்கு வேண்டும். சோற்றிலும் பருப்பிலும் வருவதில் தேவைக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஈரல் பித்தத்தோடு கலந்து வெளியே தள்ளிவிடும். தம்பியின் ஈரலுக்கு அந்தத் தள்ளுகிற வேலை தெரியவில்லை. பிறவியிலேயே அப்படி. பிறந்ததிலிருந்து செம்பு அவன் ஈரலில் சேர்ந்து, அங்கே இடமில்லாமல் போனதும் மூளைக்கும் கண்ணுக்கும் வழிந்திருக்கிறது. அந்தக் காமாலைகூட இதனால் வந்ததாக இருக்கலாம் என்றார் நரம்பு டாக்டர். உடம்பிலிருந்து செம்பைப் பிடித்து சிறுநீரில் இறக்கும் மாத்திரை எழுதிக்கொடுத்தார். வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும்.

கிளம்பும்போது என் பக்கம் திரும்பினார். “கூடப் பொறந்தவங்களுக்கும் இது இருக்க நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கும்மா. ஒண்ணும் தெரியலன்னாலும் நீங்களும் பாத்துடணும்.”

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மேல்பட்டாம்பாக்கத்து மாப்பிள்ளை. தவக்காலம் முடிந்ததும் திருமணம். பஸ் பண்ருட்டி தாண்டியதும் அம்மா என் காதோரம் குனிந்தார்.

“கல்யாணம் ஆவட்டும்டி. இப்ப போயி எதையாவது கண்டுபுடிச்சிகினு வந்து நிக்காத.”

நான் மொபைலில் கேமராவைத் திறந்து என் கண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

செம்பு அதிகம் உள்ள எதுவும் கூடாதென்று வீட்டில் சாப்பாடு மாறியது. திருவதிகை சொந்தக்காரர்கள் அனுப்பும் முந்திரியை அம்மா பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். நண்டும் இறாலும் ஈரலும் நின்றன. உடம்புக்கு நல்லது என்று யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு வாங்கிய செம்புப் பானை பரணுக்குப் போனது. தம்பி மாத்திரையை ஒழுங்காகப் போட்டான்.

போடப் போட, அவன் மோசமானான்.

கழுத்து விறைத்தது. வாயோரம் எச்சில் வடிந்தது. பேச்சு முழுவதும் நின்றது. கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் புரையேறியது. மாத்திரைதான் விஷம் என்று அப்பா அதை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் டாக்டருக்குப் போன் செய்தேன். தேங்கிய செம்பு கிளம்பும்போது சிலருக்கு முதலில் இப்படி ஆவதுண்டு என்றார். அளவைக் குறையுங்கள், உடனே கூட்டிவாருங்கள், ஆனால் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் ஈரல் போய்விடும் என்றார்.

அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அவர் அசையவில்லை. அந்த டாக்டரம்மாவுக்கென்ன, போவது நம் பிள்ளை என்றார். அம்மா ஜெபமாலையோடு மூலையில் உட்கார்ந்திருந்தார். எனக்கும் உள்ளூரப் பயம்தான். டாக்டர் சொல்வது தவறாக இருந்தால்?

கட்டிலில் இருந்த தம்பி எழ முயன்றான். சுவரைப் பிடித்து நின்று அப்பாவை நோக்கிக் கையை நீட்டினான். அந்தக் கை ஆடியது. கீழே இறக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தான். அப்பா வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து எடுத்து, ஒரு மாத்திரையை மட்டும் பிரித்து, தானே அவன் நாக்கில் வைத்தார்.

அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அளவைக் குறைத்து, மெல்ல மெல்ல ஏற்றினார்கள். அவன் கட்டிலருகே இருந்த ஒரு மதியத்தில்தான் நான் அம்மாவைக் கேட்காமல் என் ரத்தத்தைக் கொடுத்தேன். ஒரு நாள் முழுக்க சிறுநீரைக் கேனில் சேர்த்தும் கொடுத்தேன். முடிவு வரும்வரை வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் என் எழுத்து கோணுகிறதா என்று நின்று பார்ப்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

எனக்கும் இருந்தது.

“மூளைக்குப் போகல. கண்ணுல இல்ல. ஈரல்ல இப்பதான் ஆரம்பம்,” என்றார் டாக்டர். எனக்கு துத்தநாக மாத்திரை போதும் என்றார். அது செம்பைக் குடலிலேயே பிடித்து நிறுத்தி, மேலே ஏறவிடாமல் கழிவோடு அனுப்பிவிடுமாம். நான் அழவில்லை. தம்பிதான் அழுதான். தன் நோயை எனக்குக் கொடுத்துவிட்டதாக நினைத்தான். இரண்டு பேருக்கும் அப்பா அம்மாவிடமிருந்து வந்தது என்று புரியவைக்க நேரமானது.

மாப்பிள்ளை வீட்டுக்கு அப்பாவே போய்ச் சொன்னார். அவர்கள் காபி கொடுத்துப் பொறுமையாகக் கேட்டார்களாம். பிள்ளைகளுக்கு வருமா என்று மட்டும் விசாரித்தார்களாம். அப்புறம் சம்பந்தம் பேசியவர் வழியாக வேண்டாமென்று சேதி வந்தது. அம்மா பல நாள் என்னோடு பேசவில்லை. நான் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தேன். ஆனாலும் எடுத்து வைத்திருந்த பட்டுப்புடவையை மடித்து உள்ளே வைத்த அன்று பள்ளிக்குப் போக முடியவில்லை.

அப்பா தம்பியிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மைன்ஸ் கேட்டுக்குப் போய், ஆட்கள் கூடியிருக்கும்போது அந்த சூப்பர்வைசரிடம், என் பையன் குடிக்கலங்க, அவன் ஒடம்புல செம்பு சேர்ந்துபோச்சு என்று சொல்லிவிட்டு வந்தார். இதை எங்களுக்குச் சொன்னது எதிர் குவார்ட்டர்ஸ்காரர்.

இப்போது தம்பி வேறொரு கான்ட்ராக்டரின் ஸ்டோரில் சாமான் எடுத்துக்கொடுக்கிறான். பேச்சு நிதானமாக வருகிறது. புதியவர்களுக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கும். பரிசோதனைக்கு இருவரும் சேர்ந்தே போகிறோம். போன முறை அவன் உடம்பில் செம்பின் அளவு கூடியிருந்தது. மாத்திரை விட்டுப்போனதா என்று டாக்டர் கேட்டபோது இல்லையென்றான். பஸ்ஸில் நான் விடவில்லை. நன்றாகத்தானே இருக்கிறேன் என்று சில நாள் போடாமல் இருந்துவிட்டதாக ஒப்புக்கொண்டான். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குத் திட்டினேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு வரும்வரை அவன் மடியில் கிடந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.