கார்ட்ரிட்ஜுக்குக் கைராசி

பக்கத்து வீட்டு இளைய மருமகளுக்குக் கைராசிக்காரி என்று பெயர் வைத்தவன் நான்தான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு. இப்போது சொல்லும்போது நாக்கு தடுமாறுகிறது.

நான் வீட்டில் டியூஷன் எடுப்பவன். வாரம் தவறாமல் நாற்பது பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் அச்சடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பிரிண்டருக்குப் புது மை கார்ட்ரிட்ஜ் வாங்கினால் கட்டுப்படியாகாது என்று நானே சிரிஞ்சும் மையும் வாங்கி நிரப்பிப் பார்த்தேன். மஞ்சள் போக வேண்டிய ஓட்டையில் நீலத்தை ஏற்றினேன். சட்டை, மேஜை விரிப்பு, மனைவியின் பொறுமை மூன்றும் பாழானதுதான் மிச்சம். அதன் பிறகுதான் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

அந்த வீட்டு அண்ணன் தம்பி இருவரில் மூத்தவர் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, காலி கார்ட்ரிட்ஜ்களை ஸ்கூட்டரில் வாங்கி வருவார். நிரப்புவது வீட்டில். அவர் அவசரக்காரர், அவர் நிரப்பியதில் பாதி ஒழுகும். தம்பிக்குக் கல்யாணம் ஆகி இவள் வந்த இரண்டாவது வாரம், மூத்தவருக்குக் காய்ச்சல். இன்று ஒரு நாள் மட்டும் பாரம்மா என்று சிரிஞ்சை இவள் கையில் கொடுத்தார்கள். அந்த ஒரு நாள் முடிந்து ஆறு வருஷம் ஆகிறது.

இவள் லேப் படிப்பு படித்தவள். குழந்தைகளுக்கும் கிழவர்களுக்கும் கூட ஒரே குத்தில் ரத்தம் எடுக்கப் பழகிய கை. அந்தக் கைதான் பின்னறை ஜன்னலோரம் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்துவிட்டது. மேல் ஸ்டிக்கரைக் கிழியாமல் உரிப்பாள். மூன்று ஓட்டையிலும் பல் குத்தும் குச்சியை விட்டு எடுத்து எது என்ன நிறம் என்று பார்த்துக்கொள்வாள். ஊசியை உள்ளே இருக்கும் பஞ்சின் அடிவரை இறக்கி, மூச்சைப் பிடித்ததுபோல் மெதுவாக அழுத்துவாள். மை மேலே எட்டிப் பார்த்தால் ஒரு சொட்டுத் திரும்ப இழுத்துக்கொள்வாள். பிறகு மடித்த டிஷ்யூ மேல் நிற்க வைத்து இருபது நிமிஷம் காத்திருப்பாள். மூன்று நிறமும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாக ஊறியிருந்தால்தான் ஒட்டுத்தாளில் தேதியை எழுதி ஒட்டுவாள். உருண்டை உருண்டையான அழகான எழுத்து.

அந்த இருபது நிமிஷம்தான் எல்லாமே என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அவள் எழுத்து ஒட்டியிருந்தால் கார்ட்ரிட்ஜ் மக்கர் பண்ணாது என்பதுதான். "கைராசிம்மா உனக்கு!" என்றேன். போட்டோ கடைக்காரரிடம் சொன்னேன். வக்கீல் குமாஸ்தாவிடம் சொன்னேன். என் வாய் சும்மா இருக்காது. ஒரு வருஷத்தில் வருகிறவர்கள் எல்லாரும், "அந்தம்மா கையாலயே நிரப்பிக் குடுங்க" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

போன மாதம் தெருமுக்கில் இருக்கும் லேபிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. ரத்தம் எடுக்க ஆள் வேண்டும், காலை ஏழிலிருந்து இரண்டு மணி வரை, மாதக் கடைசி சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இனி நடந்ததை அவளே பிறகு என்னிடம் சொன்னாள்.

வீட்டில் யாரும் போகாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

"தாராளமா போம்மா. யாரு வேணாம்னா? ஆனா உன் கைராசிக்குத்தானே இத்தனை பேர் வர்றாங்க. அதுக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போ" என்றார் மூத்தவர்.

அவள் வழி சொன்னாள். மூத்தவரின் மனைவிக்கு, அதாவது அவளுடைய ஓர்ப்படி அக்காவுக்கு, நான்கு நாளில் எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை, பிடித்துக்கொண்டாள். ஆனால் அக்கா எழுத்து ஒட்டிய கார்ட்ரிட்ஜ்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கோடு விழுகிறது, சிவப்பு சோகையாக இருக்கிறது, சீக்கிரம் தீர்ந்துவிட்டது. நானும் ஒன்றைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "கோணல் மாணலா எழுத்தைப் பார்த்ததுமே நினைச்சேன்" என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். நான்கு நாள் திறந்து போட்டு என் வீட்டு வெயிலில் காயவிட்டதை மட்டும் சொல்லவில்லை.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்திருக்கிறது. மறுநாளிலிருந்து அக்கா நிரப்பியதற்கெல்லாம் இவள் தேதி எழுதினாள். இவள் நிரப்பியதற்கெல்லாம் அக்கா எழுதினாள். பத்து நாள். அந்தப் பத்து நாளில் ஒன்பது திரும்பி வந்தன. ஒன்பதும் அக்கா எழுத்து. ஒன்பதும் இவள் தன் கையால் நிரப்பியவை.

இரண்டாவது தடவையாக நான் திருப்பிக் கொடுத்ததும் அதில் ஒன்று.

அந்த ஒன்பதையும் எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தாளாம். நேராகவே சொன்னாளாம்.

"மாமா, இதெல்லாம் நான் நிரப்பினது. வாங்கறவங்க நல்லாருக்குன்னு சொன்னதெல்லாம் அக்கா நிரப்பினது. கைராசியும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் திங்கக்கிழமை வேலைக்குப் போறேன்."

மூத்தவர் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அடேயப்பா! அப்ப உன் எழுத்து இருந்தாப் போதும்னு சொல்லு!"

"ஆமா மாமா. சாயங்காலம் வந்து எவ்வளவு வேணும்னாலும் எழுதித் தர்றேன்."

"அதெப்படிம்மா முடியும்? நீ முக்குல நின்னு ரத்தம் எடுக்கறதை ஊரே பாக்கும். அப்ப இதை யாரு நிரப்பறான்னு கேக்க மாட்டாங்களா? நீ இனிமே மையைத் தொடவே வேணாம். கஷ்டமெல்லாம் அக்கா பாத்துக்குவா. வர்றவங்க கண்ணுல படற மாதிரி முன்னறையில உக்காந்திரு. அது போதும்."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் நல்லவன், ஆனால் அண்ணன் வார்த்தைக்கு மறுவார்த்தை பேசிப் பழகாதவன்.

"உனக்கும் ஓய்வுதானே?" என்றான்.

வேலை செய்தபோதாவது அந்த வீட்டுக்கு அவள் கை வேண்டியிருந்தது. அதுவும் வேண்டாம் என்றான பிறகுதான் நன்றாக மாட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை கார்ட்ரிட்ஜ் வாங்கப் போனேன். முன்னறையில், வாசலைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, இதுவரை நான் எழுதியதை எல்லாம் மடமடவென்று சொன்னாள்.

நான் சிரித்தேன். "உன் அடக்கம் யாருக்கு வரும்மா!"

"சார், விளையாடாதீங்க." கண் கலங்கிவிட்டது. "இது நான் நிரப்பினது இல்ல. நீங்க குறை சொன்னதுதான் நான் நிரப்பினது. கைராசின்னு முதல்ல சொன்னது நீங்க. நீங்களே இல்லன்னு சொன்னா நம்புவாங்க. போட்டோ கடையில, குமாஸ்தாகிட்ட, ஒரு நாலு பேர்கிட்ட சொல்லுங்க சார். அவங்களே அக்கா நிரப்பினா போதும்னுட்டா, மாமாவால என்னை உக்கார வைக்க முடியாது. சனிக்கிழமை வரைக்கும்தான் டைம் இருக்கு."

அந்த நேரம் பார்த்து அக்கா பின்னறையிலிருந்து வந்தாள். பத்து விரலும் நீலமும் சிவப்புமாக இருந்தன. இவள் விரல்களைப் பார்த்தேன். ஆறு வருஷத்தில் முதல் முறையாக நகக்கண் வெள்ளையாக இருந்தது. அதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டுமா? நம்பினேன். முழுசாக நம்பினேன்.

"சொல்றேம்மா. கவலைப்படாத" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் போட்டோ கடைக்குப் போனேன். வக்கீல் குமாஸ்தாவும் இருந்தார். போட்டோ கடைக்காரரே பேச்சை எடுத்தார்.

"என்ன சார், இப்ப அங்க மூத்தவரோட சம்சாரம்தான் நிரப்புதுன்னு ஒரு பேச்சு அடிபடுதே?"

வாயைத் திறந்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்புறம் குமாஸ்தா சிரிப்பார். மையைப் பார்க்காமல் எழுத்தைப் பார்த்து ஏமாந்த டியூஷன் வாத்தியார் என்று கோர்ட் வளாகம் முழுக்கக் கதை ஓடும். நல்லதையே இரண்டு தடவை குறை சொல்லித் திருப்பியவன் என்பதும் வெளியே வரும்.

"யார் சொன்னா? அந்தப் பொண்ணுதான் நிரப்புது. நேத்துகூடப் பார்த்தேனே, முன்னாலயே உக்காந்திருக்கு" என்றேன்.

"அதானே! அந்தக் கைராசி வேற யாருக்கு வரும்?" என்றார் குமாஸ்தா.

சனிக்கிழமை போயிற்று. அன்று முழுக்க நான் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. திங்கட்கிழமை காலை பால் வாங்கிக்கொண்டு வரும்போது, அதே நாற்காலியிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தாள். லேபில் வேறு ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டார்கள் என்றாள். கோபம் எதுவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சொன்னீங்களா சார்?"

"சொன்னேம்மா. ஒருத்தரும் நம்பலை."

தலையாட்டினாள். "எனக்குத் தெரியும் சார். நீங்களாவது நம்பினீங்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.