பூ கேட்டு ஏற்றிய ஜீப்

அன்றைக்கு எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, பெரியப்பா, அவருடைய மகன்கள் இருவர், நான் இருந்தோம். நர்ஸ் அக்கா இல்லை. தீராத நோய் உள்ளவர்களை வீட்டிலேயே வந்து பார்க்கும் அவர், சேலத்திலிருந்து வாரம் ஒரு நாள் எங்கள் மலையூரான கரடியூருக்கு ஏறி வருவார். அவர் வராத நாளாகப் பார்த்துத்தான் பெரியப்பா வந்தார் என்று இன்றும் நினைக்கிறேன்.

அப்பாவுக்கு மோட்டார் நியூரான் நோய். கை போனது, கால் போனது, பிறகு பேச்சும் போனது. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. ஆமாம் என்றால் கண்ணை ஒரு முறை மூடுவார், வேண்டாம் என்றால் இரண்டு முறை. பேச்சு இருந்தபோதே நர்ஸ் அக்காவிடம் சொல்லிவிட்டார்: "தொண்டைல கொழாயப் போட்டு மிசின்ல மாட்டாதீங்க. என்ற ஊட்லயே போயிக்கறனுங்க." அவர் கேட்டது அது ஒன்றுதான். சாய்த்து உட்கார வைத்தோம், கூழைக் கெட்டியாக்கி ஊட்டினோம், மூச்சு இறைத்தால் நர்ஸ் அக்கா கொடுத்திருந்த மார்ஃபின் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தோம்.

அன்று காலை ரொம்பவே இறைத்தது. நான் மாத்திரையைக் கரைத்தேன். பெரியப்பா டம்ளரைத் தட்டிவிட்டார்.

"போதை மருந்து குடுத்து அப்பனக் கொல்லப் பாக்கறயா? காலேஜில இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"அவரையே கேளுங்க பெரீப்பா. கண்ணப் பாருங்க."

"கண்ணச் சிமிட்டறது ஒரு பேச்சாடா? ஈ மொய்ச்சா மாடுங்கூடத்தான் சிமிட்டும்."

அவர் மகன்கள் சிரித்தார்கள். அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

நிலம் வாங்கவும் பெண் எடுக்கவும் எங்களவர்கள் சாமியிடம் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துப் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பது. பெரியப்பா இதற்கும் பூ கேட்டார். வெள்ளை வந்தால் சேலம் ஆஸ்பத்திரி, சிவப்பு வந்தால் வீடு. அவரே மடித்தார், அவரே எடுத்தார். வெள்ளை.

"சாமியே சொல்லிருச்சு. இனி என்னடா?"

"சாமியக் கேட்டீங்க. படுத்திருக்கறவரக் கேட்டீங்களா?"

அம்மா என் கையை இழுத்தார். "பேசாத இரு கண்ணு. நாளைக்கு இவிங்க வல்லீனா பாடை தூக்கறதுக்கு ஆருடா வருவாங்க?"

அப்பாவின் முகத்தருகே குனிந்து, சேலம் போகலாமா என்று நானே கேட்டேன். இரண்டு முறை மூடினார். மறுபடியும் இரண்டு முறை. அம்மா பார்த்தார். பெரியப்பாவும் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் அவரும் மகன்களும் அப்பாவைப் போர்வையோடு தூக்கித் தாங்கள் வந்த ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு மிஷினில் மாட்டினார்கள். மறுநாள் காப்பிப் பழம் பறிக்க ஆள் விட வேண்டும் என்று பெரியப்பா மலையேறிவிட்டார். மயக்க மருந்தில் கண் வறண்டுவிடும் என்று அப்பாவின் இமைகளின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். இனி அவரிடம் எதையும் கேட்க முடியாது. மிஷின் ஓட ஓட அங்கேயே செத்துப்போனார்.

பில் கட்டினால்தான் உடல் என்றார்கள். அம்மா எங்கள் காப்பிக் காட்டை விற்றார். வாங்கியவர் பெரியப்பா. பில்லுக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை: மூன்று லட்சத்து நாற்பதாயிரம்.