வெயிலில் பார்க்க வேண்டிய ரோஸ் நிறம்

பெட்டி என்னவோ அழகாகத்தான் இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டம், மூடியைச் சுற்றித் தங்க நிறக் கோடு. திறந்தால் ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் கன்னத்தில் பூசிக்கொள்ளும் வெளிர் ரோஸ் பவுடர், அதன் மேல் இதழ் இதழாக ஒரு பூ அச்சு. என் பெரியம்மா மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், அதைப் பாண்டிச்சேரியில் வாங்கி வந்து, பூ கலைந்துவிடுமே என்று விரல்கூட வைக்காமல் வெகுநாள் பத்திரப்படுத்தியிருந்தாள். தன்னைப் பெண் பார்க்க வந்த அன்றுதான் முதன்முதலாக அந்தப் பூவின் மேல் பிரஷ்ஷை வைத்தாள்.

பெரியம்மா வீடு மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி இருந்தது. பெரியப்பாவுக்கு உப்பளத்தில் வேலை, அக்காவுக்கு மெடிக்கல் ஷாப்பில் பில் போடும் வேலை. அதற்கு முன் வந்த இடங்கள் எல்லாம், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், நிறத்தைப் பார்த்தே நகர்ந்துபோயின. இந்த வானூர் மாப்பிள்ளையோடு போனில் பேசியதில் அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதுதான் அன்று எங்களுக்கெல்லாம் பயம். பிடிக்காத இடம் கைவிட்டுப் போனால் யாரும் அழுவதில்லை.

உப்பு வாருகிற காலம். வெளியே கண் கூசும் என்பதால் ஜன்னலைச் சாத்திவிட்டு டியூப்லைட் வெளிச்சத்தில் அலங்காரம் நடந்தது. பவுடர் அவள் கன்னத்தில் தெரியவே இல்லை.

"போதும்க்கா, நிறைய போடாத."

"எங்கடி போட்டேன்? கண்ணாடில ஒண்ணுமே தெரியல. பெட்டிக்குத்தான் காசு வாங்கிட்டான் போலக்குது." சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தாள்.

கூடத்தில் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. காபி குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் அக்கா, "உள்ள இருட்டா இருக்குது, வாசல்ல நின்னா போட்டோ பளிச்சுனு வரும்" என்றார். எல்லோரும் எழுந்து வெளியே போனோம். எதிரே உப்பு குவியல் குவியலாகக் கிடந்தது. மேலிருந்தும் கீழிருந்தும் வெயில் அடித்தது. அக்கா அந்த வெளிச்சத்துக்குள் வந்து நின்றாள். அவளுடைய கரிய கன்னங்கள் இரண்டிலும் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை வட்டம். ரோஸ் என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை.

போனைத் தூக்கிய மாப்பிள்ளையின் அக்கா அதை மெதுவாக இறக்கிக்கொண்டார். அவர் தன் அம்மாவின் காதில் சொன்னது எங்கள் எல்லோருக்குமே கேட்டது. "இன்னாம்மா, தேமல் மாதிரி இருக்குது?"

பெரியம்மா காபி டம்ளர் தட்டோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ண மூஞ்சி கழுவிட்டு வரச் சொல்லுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனாலேயே அதிகம் வலித்தது. மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

அக்கா உள்ளே போனாள். தண்ணீர்ச் சத்தத்துக்காகக் காது கொடுத்துக் காத்திருந்தேன். அவள் அந்தப் பெட்டியோடு திரும்பி வந்தாள்.

"கழுவிக்கிறேன் அத்த. அதுக்கு முன்னாடி நீங்க இத உங்க கையில தடவிப் பாருங்க."

அந்த அம்மாள் பெட்டியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு விரலால் தொட்டுத் தன் புறங்கையில் இழுத்து வெயிலில் நீட்டினார். அங்கேயும் அதே வெள்ளை. கையை இப்படியும் அப்படியும் திருப்பினார். அந்த நேரம் எவ்வளவு நீண்டது என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அட, எனக்கும் வந்துடுச்சே" என்று சிரித்தார். "ஏம்மா, இத காசு குடுத்தா வாங்கின?"

அக்கா இன்று வானூரில் இருக்கிறாள், அந்த அத்தையோடு நன்றாகவே சண்டை போட்டுக்கொண்டு.

இதெல்லாம் சென்ற வாரம் குயிலாப்பாளையத்தில் ஒரு கடையில் நின்றபோது நினைவுக்கு வந்தது. என் கையில் அதே மாதிரி ஒரு பெட்டி. இன்னொரு கையில் என் மகள். அவள் யு.கே.ஜி. படிக்கிறாள். கன்னத்தில் நிஜமாகவே வெளிறிய திட்டுகள். ஒட்டாது, தானே மறைந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். சரி என்று வந்துவிட்டு, மறுபடியும் போய்க் கேட்டேன். அவர் அதையேதான் சொன்னார். ஆனால் ஆண்டுவிழா நடனத்தில் ஜோடியாக ஆடும் சிறுமி இவள் கையைப் பிடிக்க மாட்டேன் என்கிறாளாம். "ஒட்டிக்குமாம்மா?" என்று என் மகள் என்னிடம் கேட்டாள். அதனால்தான் அந்தக் கடைக்குப் போனேன். மறைப்பது தவறா, மறைக்காமல் குழந்தையை மேடையில் ஏற்றுவது தவறா என்று வழியெல்லாம் மாற்றி மாற்றி யோசித்தேன். குழந்தைத் தோலுக்கு ஆகுமா என்ற கவலை வேறு.

கடை விளக்கில் ரோஸ் நிறம் அழகாகத் தெரிந்தது. இப்படிப்பட்ட பெட்டிகளை வாங்கலாமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். பூ அச்சையும் கண்ணாடியையும் பார்த்து வாங்காதீர்கள், வெயிலில் தோலின் மேல் பாருங்கள். சாம்பிளில் கொஞ்சம் தொட்டுப் புறங்கையில் தடவிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

வெளியில் அதே வெள்ளைத் திட்டு. இவள் கன்னத்தில் இதைப் பூசினால் இருப்பது இன்னும் பெரிதாகத்தான் தெரியும்.

மகள் என் கையை இழுத்து உற்றுப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அம்மா, உனக்கும் என்ன மாதிரியே வந்துடுச்சு."

பவுடர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். பெட்டியை வாங்கவில்லை. வீடு வந்து சேரும்வரை கையைத் துடைக்கவும் இல்லை.